பழைய பிரதிக்கும் ஓர் இடம்

பழையவை கழிவதையும் புதியவை புகுவதையும் நன்னூலார் குற்றமாகக் கொள்ளவில்லை. இந்த விதியை நம்மிற் பலர் பாடசாலை நாள் முதல் மனத்தில் வைத்திருக்கிறோம். பொங்கலுக்கு முன்னர் வீட்டைத் துப்புரவு செய்யும்போதும், மேசை இழுப்பறையைக் காலி செய்யும்போதும் அது நல்ல துணைக்கு வரும். ஆனால் நன்னூலார் பேசியது சொற்களும் வடிவங்களும் வழக்கொழிவது பற்றியே. கையெழுத்துப் பிரதிகளைக் கிழித்தெறிய அவர் அனுமதி எழுதித் தரவில்லை.

ஓர் எழுத்து திருத்தப்பட்டுப் புதிய வடிவம் பெற்ற பின்னர், அதன் பழைய வடிவத்தை என்ன செய்வது? இன்று நான் எடுத்துக்கொண்ட விடயம் இதுதான். வைத்திருந்தால் இடத்தை அடைக்கிறது. சிலவேளை குழப்பமும் விளைவிக்கிறது. அழித்துவிட்டால் மீளப் பெற வழியில்லை. எழுதுபவர், பதிப்பிப்பவர், அச்சிடுபவர், நூலகர் ஆகிய நால்வருக்கும் பொதுவான சிக்கல் இது.

முதலில், ஒரு படைப்புக்கு எத்தனை வடிவங்கள் இருக்கக்கூடும் என்று பார்ப்போம். ஒரு சிறுகதையை எழுத்தாளர் கையால் எழுதுகிறார். வெட்டித் திருத்திப் படியெடுக்கிறார். பத்திரிகையில் இடத்துக்கேற்ப அது சுருங்கி வெளிவருகிறது. பத்தாண்டுகள் கழித்துத் தொகுதியிற் சேரும்போது மறுபடியும் கை வைக்கிறார். இரண்டாம் பதிப்பிற் பேச்சுவழக்கை மாற்றுகிறார். இப்போது கதை ஒன்று, வடிவம் ஐந்து. நேயர்கள் கேட்கும் வானொலி உரையே இதற்கு உதாரணம். ஒலிபரப்பில் நேரத்துக்காக விடுபடும் பத்திகள் பத்திரிகையில் இடம்பெறலாம். வாசிக்கும்போது வாயில் வந்த சொல் அச்சில் இல்லாதிருக்கலாம். எது மூலம் என்று கேட்டால் உடனே விடை சொல்ல இயலாது.

நமது முன்னோர் இதனை எவ்வாறு கையாண்டனர்? ஓலைச்சுவடிக்கு ஆயுள் உண்டு. ஏடு செல்லரிக்கத் தொடங்கியதும் புதிய ஏட்டிற் படியெடுப்பர். படியெடுத்த பின், பழைய ஏட்டை ஆடிப்பதினெட்டில் ஆற்றில் விடும் வழக்கமும் நெருப்பில் இடும் வழக்கமும் தமிழகத்திற் சில இடங்களில் இருந்தன. உ. வே. சாமிநாதையர் இவற்றைத் தாமே வருத்தத்துடன் பதிவு செய்திருக்கிறார். செய்தவர்கள் அதைப் பக்தியுடனேயே செய்தார்கள். புதிய பிரதி கையில் இருக்கும்போது பழையது எதற்கு என்பதே எண்ணம்.

இதிலுள்ள அபாயத்தைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். படியெடுப்பவர் ஓர் எழுத்தை மாறி வாசித்தால், அந்தப் பிழை புதிய ஏட்டிலே உண்மையாகிவிடும். பழைய ஏடு இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அது ஆற்றோடு போயிற்றென்றால் பிழைக்கு எதிர்ச்சாட்சி இல்லை. அடுத்த படியில் இன்னொரு பிழை சேரும். இப்படிச் சில தலைமுறைகள் கழிந்தால் புலவர் சொன்னது எது, படியெடுத்தவர் சொன்னது எது என்று பிரித்தறிவது பெரும்பாடு.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பெரும்பாட்டையே பட்டனர். தொட்டால் ஓரம் உதிரும் ஏடுகளைப் பற்றித் தாமோதரம்பிள்ளை தமது பதிப்புரையில் எழுதியிருப்பதைப் படித்தவர் மறக்க மாட்டார். கலித்தொகையை அவர் பதிப்பித்த அதே 1887 ஆம் ஆண்டில் சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தது. சாமிநாதையர் பல ஊர்ப் பிரதிகளை ஒப்பிட்டார். தமக்குச் சரியெனத் தோன்றிய பாடத்தை மேலே வைத்து, வேறுபடும் பாடங்களை அடிக்குறிப்பிற் கொடுத்தார். தாம் தள்ளிய பாடத்தையும் வாசகரின் கண்ணுக்கு எட்டும் இடத்தில் வைத்தமையால், அவருடைய முடிவு தவறென்று கருதுபவர் இன்றும் அதே பக்கத்திலிருந்து வாதிடலாம். பாடபேதக் குறிப்பு என்பது பழைய வடிவத்துக்கு ஒதுக்கப்பட்ட ஆசனம்.

1894 இல் அவர் பதிப்பித்த புறநானூற்றில் இன்னொரு பாடம் இருக்கிறது. அந்நூலின் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. 266 க்குப் பின் 269 வருகிறது. இடைவெளியை மூடி எண்களை நெருக்கி அடுக்கியிருந்தால் நூல் பார்வைக்கு ஒழுங்காக இருந்திருக்கும். ஆனால் இரண்டு பாடல்கள் தொலைந்தன என்ற செய்தியும் சேர்ந்து தொலைந்திருக்கும். ஐங்குறுநூற்றில் 129, 130 ஆம் பாடல்களின் நிலையும் இதுவே. ஒன்று இல்லாமற் போனாலும் அதன் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதிருப்பது பழைய பிரதிகளைப் பேணுவதில் முதல் விதி எனலாம்.

அச்சுக்கலை வந்ததும் நிலைமை மாறியது. ஆயிரம் பிரதிகள் ஒரே வடிவில் பரவின. ஆனால் அச்சகத்தினுள்ளே பழைய வடிவத்துக்கு இடமிருக்கவில்லை. அச்சுக்கோர்ப்பாளர் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோர்த்துப் பக்கம் அமைப்பார். அச்சிட்டு முடிந்ததும் பக்கத்தைப் பிரித்து, எழுத்துக்களை அவற்றின் அறைகளில் மீண்டும் போட்டுவிடுவார். அடுத்த பக்கத்துக்கு அதே எழுத்துக்கள் வேண்டுமல்லவா? இரண்டாம் பதிப்பு வேண்டுமானால் முதலிலிருந்து கோர்க்க வேண்டும். பழைய பிழைகள் போய்ப் புதிய பிழைகள் வரும். முதற்பதிப்பின் ஒரு பிரதியாவது யாரோ வீட்டு அலுமாரியில் இருந்தால்தான் ஒப்புநோக்க முடியும். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, கிராண்ட்பாஸ் பக்கங்களில் அச்சக ஓசை கேட்டு வளர்ந்தவர்கள் இதை அறிவார்கள். டொமினிக் ஜீவா 1966 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘மல்லிகை’ கையால் எழுத்துக் கோர்த்தே நெடுங்காலம் வெளிவந்தது. பின்னர் அது கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதிக்கு இடம்பெயர்ந்தது. அதன் பழைய இதழ்களைக் கட்டிவைத்த வாசகர்களே அதன் முதற் சுவடிக்காப்பாளர்கள்.

இனிக் கணினிக்கு வருவோம். 1990 களில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கணினித் தட்டச்சு நிலையங்கள் பல தோன்றின. பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்து, பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து, புளொப்பியிற் கொடுத்தனுப்பிய காலம் அது. ஒரு புளொப்பியின் கொள்ளளவு 1.44 மெகாபைட். இடநெருக்கடி மெய்யானது, ஆகவே பழையதை அழிப்பது தொழில் ஒழுக்கமாகவே இருந்தது. அத்தகைய நிலையமொன்றிற் கேட்ட உரையாடல் இன்னும் என் காதில் இருக்கிறது.

“ஐயா, புதுப் புரூப் சரியெண்டால் பழைய பைலை அழிச்சுப் போடட்டோ? இடம் காணாமல் கிடக்கு.”

“அழிக்காதையும் தம்பி. திகதியைப் போட்டு வேறை ஒரு புளொப்பியிலை எடுத்து வையும். நாளைக்கு ஆரும் கேட்டு வந்தால் என்ன செய்யிறது?”

கேட்ட தம்பியின் நியாயமும் நியாயந்தான். ஏட்டை ஆற்றில் விட்டவர்களும் இதே கேள்வியைத்தான் தங்களுக்குள் கேட்டிருப்பார்கள்.

கணினியில் அழிவு மிக எளிது. பழைய கோவையைத் திறந்து, திருத்தி, அதே பெயரிற் சேமித்தால் போதும். முந்தைய வடிவம் மறைந்துவிடும். அழித்தோம் என்ற உணர்வே ஏற்படாது. ஒளிநாடாவிலும் இது நடந்தது. பி.பி.சி. 1960 களிலும் 1970 களிலும் தனது தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பலவற்றின் நாடாக்களைத் துடைத்து மறுபடி பயன்படுத்தியது. இன்று உலகமெங்கும் இரசிகர்கள் தேடும் ‘டொக்டர் ஹூ’ தொடரின் ஆரம்பகால அத்தியாயங்கள் பல அவ்வாறே போயின. வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்பிய பிரதிகளிலிருந்து சில மட்டும் மீண்டன.

எல்லாவற்றையும் வைத்திருந்தாற் சிக்கல் தீருமா என்றால், தீராது. எனக்குத் தெரிந்த கவிஞரொருவர் தமது தொகுதிக்கு மூன்று முறை புரூப் பார்த்துத் திருத்தினார். தட்டச்சு நிலையத்தில் ‘முடிவு’, ‘முடிவு இரண்டு’, ‘புதிய முடிவு’ என மூன்று கோவைகள் கிடந்தன. அச்சுக்குப் போனது ‘முடிவு’. அதுவே மூன்றிலும் பழையது. வெளியீட்டு விழாவில், சபை நடுவே, தாம் வெட்டிய வரிகளை இன்னொருவர் உருக்கமாக வாசிக்கக் கேட்டுக்கொண்டு மேடையில் இருந்தார் கவிஞர். பழைய பிரதியை வைத்திருந்தது இங்கே தவறன்று. அதன் நெற்றியிற் ‘பழையது’ என்று எழுதாமல் விட்டதே தவறு.

ஆகவே கேள்வி இப்படித் திரும்புகிறது: பழையதை வழிமறிக்க விடாமல், ஆனால் வேண்டும்போது கைக்கெட்டும்படி வைப்பது எங்ஙனம்?

இதற்கு நல்ல விடை இலக்கியத்துக்கு வெளியே, காணிப் பதிவகத்தில் இருக்கிறது. ஒரு காணி கைமாறினால் பழைய உறுதியின் பதிவை எவரும் அழிப்பதில்லை. அதன் கீழே புதிய பதிவு சேர்கிறது. பக்கம் நிறைந்தால், இன்ன தொகுதியின் இன்ன பக்கத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது என்று பழைய பக்கத்திலும், இன்ன பக்கத்திலிருந்து கொண்டு வரப்பட்டது என்று புதிய பக்கத்திலும் குறிப்பர். சட்டத்தரணி இந்தக் குறிப்புக்களைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து உரித்தைச் சரிபார்க்கிறார். இன்றைய உரிமையாளர் யார் என்பதில் ஐயமில்லை; நேற்றைய உரிமையாளரும் மறையவில்லை.

வீதிப் பெயர்களும் இதையே சொல்கின்றன. வெள்ளவத்தை ஹை ஸ்ட்ரீட் இன்று டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை. கொட்டாஞ்சேனைப் பக்கத்து வடக்கு ஸ்கின்னர்ஸ் வீதி இன்று ஜோர்ஜ் ஆர். டி சில்வா மாவத்தை. கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கும் 57 ஆம் ஒழுங்கைக்கு ருத்ரா மாவத்தை என்றும் பெயர். பழைய உறுதிகளும் கடித உறைகளும் திருமண அழைப்பிதழ்களும் பழைய பெயரையே தாங்கி நிற்கின்றன. இரண்டு பெயரையும் இணைக்கும் ஒரு வரி எங்காவது இல்லாவிட்டால், ஐம்பது வருடத்துக்கு முந்திய முகவரி அடுத்த தலைமுறைக்கு இல்லாத ஊராகிவிடும்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகும் வயோதிபர் சிலரின் கையில் இன்னும் பழைய செபப்புத்தகம் இருப்பதைக் காணலாம். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் கத்தோலிக்கத் தமிழ் பெரிதும் மாறியது. ‘அர்ச்சியசிஷ்ட’ என்பது ‘புனித’ ஆயிற்று. ‘சருவேசுரன்’ ‘இறைவன்’ ஆனார். தங்கள் பாட்டனாரின் ஞானஸ்நானப் பதிவைத் தேடும் பேரப்பிள்ளைக்குப் பழைய சொல்லே திறப்பு. விவிலியத்தின் கதையும் அப்படித்தான். பேர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்புப் பணியில் ஆறுமுக நாவலர் உதவிய வடிவம் 1850 இல் அச்சேறியது. போவர் தலைமையிலான குழுவின் திருத்தம் 1871 இல் வந்து பரவலாக நிலைபெற்றது. ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பப்ரீசியசின் மொழிபெயர்ப்பை லுத்தரன் சபையார் கைவிடவில்லை. தமிழ் உரைநடை நடந்து வந்த பாதையை ஆராய்பவருக்கு இந்த மூன்றும் அருகருகே இருப்பது பெரும் பேறு.

காணிப் பதிவகத்தின் முறையை எழுத்தாளரின் மேசைக்குக் கொண்டுவந்தால் என்ன செய்யலாம்? கோவையின் பெயரில் ‘முடிவு’, ‘புதிய’ போன்ற சொற்களைத் தவிர்த்து, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையிற் திகதியை இடலாம். கணினி தானாகவே கால ஒழுங்கில் அடுக்கிவிடும். நடப்பிலுள்ள ஒன்றை மட்டும் முன்னால் வைத்து, ஏனையவற்றைப் ‘பழையவை’ என்ற தனி உறையிற் போடலாம். அந்த உறையிலுள்ள ஒவ்வொரு பிரதியின் முதற்பக்கத்திலும் மூன்று விடயங்கள் வேண்டும்: இது எப்போது கைவிடப்பட்டது, ஏன் கைவிடப்பட்டது, இதன் இடத்துக்கு வந்தது எது. காகிதமானால் பென்சிலால் எழுதினாற் போதும். பழையதை வாசிக்கலாம், திருத்தக்கூடாது. திருத்த வேண்டுமானால் படியெடுத்துத் திகதி மாற்றியே திருத்த வேண்டும்.

கணினி நிரல் எழுதுபவர்கள் இதற்கெனக் கருவிகளையே அமைத்துக்கொண்டார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 இல் உருவாக்கிய ‘கிட்’ அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் யார், எப்போது, என்ன காரணத்துக்காக மாற்றினார் என்பதை அது குறித்துக்கொள்கிறது. எந்தப் பழைய நிலைக்கும் திரும்பலாம். 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ‘வரலாறு’ என்றொரு பகுதி உண்டு. முதல் வரியிலிருந்து நேற்றைய திருத்தம் வரை அங்கே இருக்கும். சட்டச் சிக்கலுள்ளவை போன்ற சிலவற்றையே நிர்வாகிகள் மறைப்பர். சாமிநாதையரின் அடிக்குறிப்பு இயந்திர வடிவம் பெற்றிருக்கிறது என்று நான் இதனைப் புரிந்துகொள்கிறேன்.

பாமினிக் கோவைகள் தனிக் கவனத்துக்குரியவை. பாமினியில் எழுதிய ‘தமிழ்’ என்ற சொல், கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கிடக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கிலமாகத் தோன்றும். கோவை பழுதாகிவிட்டதென்று எண்ணிப் பலர் அழித்துவிடுகிறார்கள். அது பழுதன்று, மொழி தெரியாத வீட்டுக்குப் போன விருந்தாளியின் நிலை. யூனிகோட்டுக்கு மாற்றும் மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பின்னரும் மூலக் கோவையை வைத்திருக்க வேண்டும். மாற்றியும் ஒரு படியெடுப்பாளரே, அதுவும் பிழை விடும்.

அந்த யூனிகோட்டிலேயே நமது ஆய்த எழுத்தின் கதை ஒன்று உண்டு. அதன் முறைப்படியான ஆங்கிலப் பெயர் ‘தமிழ் விசர்க்கக் குறி’ என்று பொருள்படுவது. ஆய்தம் வேறு, விசர்க்கம் வேறு என்பதைத் தமிழ் கற்றவர் எவரும் சொல்வார். ஆனால் ஒருமுறை இட்ட பெயரை மாற்றுவதில்லை, குறியீடு கொடுத்த எழுத்தை நீக்குவதில்லை என்பது அந்த நியமத்தின் உறுதிமொழி. எனவே பெயரை விட்டுவிட்டு, பக்கத்தில் ‘ஆய்தம்’ என்று குறிப்பெழுதினார்கள். மனத்துக்குச் சங்கடமாயினும் இதில் நியாயம் உண்டு. பழைய பெயரை நம்பி உலகெங்கும் எழுதப்பட்ட நிரல்கள் முறியாமல் இருக்கின்றன. உண்மையும் அருகிலேயே இருக்கிறது.

இதுவரை சொன்னது ஒழுங்கு பற்றி. ஒழுங்காக அடுக்கிய அனைத்தும் ஓரிடத்திலேயே இருந்தால் என்னவாகும் என்பதை நாம் பிறரிடம் கேட்டறிய வேண்டியதில்லை. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. பல பிரதிகளாகப் பரவியிருந்த நூல்களை வேறிடங்களிலிருந்து மீளப் பெற முடிந்தது. ஒரே பிரதியாக இருந்தவை போனவையே. 1983 ஜூலையிற் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது புத்தக அலுமாரிகளும் எரிந்தன. அச்சேறாத கையெழுத்துக்கு அங்கே இரண்டாம் பிரதி ஏது? ஆகவே ஒரு பிரதி வீட்டில், ஒன்று வேறு ஊரில், ஒன்று வேறு நாட்டில் என்று பிரித்து வைப்பது நமக்கு அனுபவம் தந்த கட்டளை.

பொது ஏற்பாடுகளும் உள்ளன. இலங்கையில் அச்சாகும் நூலின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்கும் கடமை 1885 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படமாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நூலக எண் கொடுத்துப் பேணுகிறது. பக்கத்தைப் படமாக வைப்பதில் ஒரு நன்மை உண்டு. பழைய றா, னா, லை வடிவங்களும் விளம்பரங்களும் முன்னிருந்தவர் பென்சிலால் எழுதிய குறிப்பும் கூடவே வந்துவிடுகின்றன.

ஒரு மறுப்பையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். எழுத்தாளரே அழிக்க விரும்பினால்? தமது இளமைக்கால எழுத்தை எவரும் பார்க்கக்கூடாது என்று கருதும் உரிமை அவருக்கில்லையா? 1924 இல் இறந்த கஃப்கா தமது கையெழுத்துக்களை எரித்துவிடும்படி நண்பர் மக்ஸ் புரொட்டைக் கேட்டிருந்தார். புரொட் எரிக்கவில்லை, அடுத்த ஆண்டே ‘விசாரணை’ நாவல் வெளிவந்தது. உலகம் நன்றி சொல்கிறது; கஃப்கா என்ன சொல்லியிருப்பார் என்பது வேறு விடயம். என் கருத்து இது: அழிப்பதற்கும் அரங்கேற்றுவதற்கும் இடையிலே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. மூடி முத்திரையிட்டு, இத்தனை ஆண்டுகளுக்குத் திறக்க வேண்டாம் என்று எழுதி வைக்கலாம். எழுத்தாளரின் மானமும் காக்கப்படும். பின்வருவோரின் உரிமையும் போகாது. தனிமனிதரின் கடிதங்களுக்கும் நாட்குறிப்புக்களுக்கும் இதுவே தக்க வழி.

வெள்ளவத்தையின் பழைய வீடுகள் தொடுமாடிகளாக மாறிவருகின்றன. பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்க, பெற்றோரின் காகிதக் கட்டுக்கள் போத்தல் பேப்பர்காரரிடம் எடைக்குப் போகின்றன; அங்கிருந்து கடலைச் சரையாகவும் ஆகின்றன. அந்தக் கட்டினுள்ளே ஒரு கதையின் முதல் வடிவம் இருக்கலாம். ஒரு நாடகப் பிரதியின் ஒரே பிரதி இருக்கலாம். வீடு மாறும் அவசரத்தில் எல்லாவற்றையும் வாசித்துத் தரம்பிரிக்க எவருக்கும் நேரமிராது. அதற்கு அவசியமும் இல்லை. யாருடையது, எந்த ஆண்டளவில் எழுதப்பட்டது, இது அச்சில் வந்ததா இல்லையா என்று ஒரு தாளில் எழுதிக் கட்டின் மேல் வைத்து, தமிழ்ச் சங்க நூலகத்திலோ நூலகம் நிறுவனத்திலோ பொறுப்பேற்பார்களா என்று விசாரித்துப் பாருங்கள். வாசித்துத் தரம்பிரிக்கும் வேலையைப் பின்னால் வருபவர் செய்துகொள்வார்.